எல்லைப்புற வானம்பாடி



"பாட்டுக்காரி ஒருத்திக்காக ஒரு கூட்டமா?" என்று இரு தோழர்கள் வாயிலிலே நின்று பேசிக்கொண்டிருந்தனர். காதிலே வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தேன். கேட்கட்டும்! கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த இயக்கத்திலே இருந்துகொண்டு, கேள்வியைக் கண்டு முகம் சுளிக்கலாமா? விலைவாசி பற்றிப் பேசலாம், வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிப் பேசலாம். கடல் கடந்த நாட்டிலே கிதார் மீட்டிக் காதல் துயரைப் பாடிய ஒரு பெண்ணைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? முழக்கம் உண்டா அவள் பாட்டிலே? கொடி உண்டா? கொள்கை உண்டா? இதுதான் அவர்களுடைய ஐயம்.

இல்லை, தோழர்களே. முழக்கம் இல்லை, கொடி இல்லை, கொள்கை விளக்கம் ஒரு வரியும் இல்லை. அதனால்தான் அவரைப் பற்றிப் பேச வந்தேன்.

லிடியா மெண்டோசா என்பது அவர் பெயர். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிலே, 1916-ம் ஆண்டு மே திங்கள் 21-ம் நாள் பிறந்தவர். 2007-ம் ஆண்டு டிசம்பர் 20-ம் நாள், அதே மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரிலே, 91 வயது நிரம்பிய மூதாட்டியாக மறைந்தவர். எல்லைப்புற வானம்பாடி என்றும், ஏழைகளின் பாடகி என்றும் ஸ்பானிய மொழியிலே மக்கள் அவரை அழைத்தனர். இரண்டு பட்டங்கள். எந்தப் பல்கலைக் கழகமும் தந்தவை அல்ல, எந்த மன்னரும் சூட்டியவை அல்ல. பருத்திக் காட்டிலும் பீட்ரூட் வயலிலும் முதுகு வளைந்தவர்கள் தந்த பட்டங்கள்.

அந்த மக்கள் யார்? அமெரிக்காவிலே ஸ்பானிய மொழி பேசுவோரைக் கண்டதும், "எங்கிருந்தோ வந்தவர்கள்" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. வரலாற்று ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். டெக்சாஸ், மெக்சிகோ நாட்டின் பகுதி. 1836-ல் அதைத் தனியே பிரித்தனர். 1845-ல் ஐக்கிய நாடு அதைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அடுத்துப் போர்! 1848-ல் போரிலே தோற்ற மெக்சிகோ, கலிபோர்னியா உள்ளிட்ட பெருநிலப்பரப்பை எழுதிக் கொடுத்துவிட்டு எஞ்சியதோடு ஒதுங்கியது. அந்த மண்ணிலே வாழ்ந்தவர்கள் காலைப் பெயர்த்து ஓரடி எடுத்து வைக்கவில்லை. எல்லைக்கோடுதான் நடந்துவந்து அவர்களைத் தாண்டிச் சென்றது! மறுநாள் காலை எழுந்தபோது சொந்த ஊரிலே அயலார். தாத்தாவின் கல்லறை இருக்கிற ஊரிலே அவர்களுக்கு அந்நியர் என்று பெயர்!

பின்னர் 1910-ல் மெக்சிகோவிலே புரட்சி வெடித்தது. குண்டுக்கும் பசிக்கும் அஞ்சி, ஆயிரமாயிரம் குடும்பங்கள் வடக்கே வந்தன. லிடியாவின் பெற்றோரும் அப்படி வந்தவர்களே. தந்தை பிரான்சிஸ்கோ, ரயில் துறையிலே இயந்திரத் தொழிலாளி. தாய் லியோனோர், கிதார் வாசிக்கத் தெரிந்தவர். வேலை கிடைத்தால் டெக்சாஸ், கிடைக்காவிட்டால் மெக்சிகோவின் மான்டெரே நகரம் என்று, நெசவுத் தறியிலே நாடா ஓடுவதுபோல் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஓடிய குடும்பம்.

எல்லையைக் கடப்பது என்றால் என்ன என்பதை ஒரே நிகழ்ச்சியால் சொல்லிவிடுகிறேன். எல் பாசோ என்ற ஊரிலே பாலம் ஒன்று உண்டு. அமெரிக்க வீடுகளிலே பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் நாள்தோறும் அந்தப் பாலத்தின் வழியே மெக்சிகோப் பெண்கள் வருவார்கள். 'பேன் இருக்கும், நோய் இருக்கும்' என்று சொல்லி, அவர்களை ஆடை களைய வைத்து, பெட்ரோல் கலந்த நீரைத் தலையிலே ஊற்றிக் குளிப்பாட்டினர். 1917-ம் ஆண்டு ஜனவரி 28-ம் நாள், கார்மெலிட்டா டாரஸ் என்ற 17 வயதுப் பணிப்பெண், "மாட்டேன்!" என்றாள். டிராம் வண்டியைவிட்டு இறங்கி நின்று மறுத்தாள். அவள் பின்னே நூற்றுக்கணக்கான பெண்கள் திரண்டு பாலத்தை மறித்தனர். லிடியா அப்போது எட்டு மாதக் குழந்தை. வெள்ளைக்காரர் வீட்டுப் பாத்திரத்தைத் தொடலாம், அவர் குழந்தையைத் தூக்கலாம். பாலத்தைத் தாண்டும்போது மட்டும் அவள் உடல் தீட்டு! தீட்டு என்ற சொல்லை நமக்கு எவரும் அகராதி பார்த்துச் சொல்லவேண்டியதில்லை.

இப்படிப்பட்ட மக்களிடையே வளர்ந்த சிறுமி, நான்கு வயதிலே தனக்குத்தானே ஒரு கிதார் செய்துகொண்டாளாம். பலகைத் துண்டு ஒன்று, சில ஆணிகள், ஆணிக்கு ஆணி இழுத்துக் கட்டிய ரப்பர் வளையங்கள். அம்மாவின் கிதாரைத் தொடக்கூடாது என்று தடை. ஆகவே சொந்தத் தயாரிப்பு!

பள்ளிக்குச் சென்றாளா? இல்லை. பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்ற கருத்துடையவர் தந்தை. எழுத்தறிவித்தவர் தாய். 'நல்லவேளை, பள்ளிக்குப் போகாததால்தான் பாட்டு தப்பியது' என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். பெண்ணுக்குக் கல்வியை மறுத்தது அநீதி. பிறகு அவள் புகழ் பெற்றாள் என்பதால் அது நீதியாகிவிடாது. ஆயின் அந்நாளைய டெக்சாஸ் பள்ளி எத்தகையது என்பதையும் சொல்லவேண்டும். ஆங்கிலம் தவிர வேறு மொழியிலே பாடம் நடத்தும் பொதுப்பள்ளி ஆசிரியர் குற்றவாளி என்று 1918-ல் சட்டம் செய்தது அந்த மாநிலம்! விளையாட்டுத் திடலிலே வாய்தவறி ஸ்பானியச் சொல் வந்துவிட்டால் பிள்ளைக்குப் பிரம்படி. தாய்மொழியிலே "அம்மா" என்றதற்கு அடி வாங்கிய பிள்ளை, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எந்த மொழியிலே அழும்?

வீட்டிலே தாயும், தெருவிலே பாட்டும்தான் அவளுக்குப் பள்ளி. பாடநூல்? சொன்னால் நகைப்பீர்கள். சூயிங்கம் சுற்றி வந்த காகிதம்! அக்காலத்தில் மான்டெரே நகரத்திலே விற்ற சூயிங்கத்தின் உறையிலே பாடல் வரிகளை அச்சிட்டிருந்தனர். மற்றப் பிள்ளைகள் மென்று துப்பிவிட்டு உறையை எறிந்தனர். இவள் உறைகளைச் சேர்த்து வைத்தாள். அந்தச் சேமிப்பிலே ஒரு பாட்டு, 'மால் ஓம்ப்ரே'. 'பொல்லாத மனிதன்' என்று பொருள். வரிகள் கைவசம், மெட்டு தெரியாது. பிறகொரு நாள் அரங்கொன்றிலே எவரோ அதைப் பாட, மெட்டும் வசமாயிற்று. முதலாளி சரக்கை விற்க அச்சடித்த காகிதம், ஏழைச் சிறுமியின் கையிலே இலக்கியமாயிற்று!

1928-ம் ஆண்டு. சான் அந்தோனியோவிலிருந்து வெளிவந்த 'லா பிரென்சா' என்ற ஸ்பானிய நாளேட்டிலே ஒரு விளம்பரம்: இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடகர்கள் தேவை. தந்தை பார்த்தார், குடும்பத்தோடு புறப்பட்டார். அம்மா கிதார், அப்பா கஞ்சிரா போன்றதொரு கைப்பறை, சிறுமி லிடியா மாண்டலின், தங்கைக்கு முக்கோணக் கம்பித் தாளம். குழுவுக்குச் சூட்டிய பெயர் 'கார்ட்டா பிளாங்கா நால்வர்'. அது மான்டெரே நகரத்து பீர் ஒன்றின் பெயர். நாடெங்கும் மதுவிலக்குச் சட்டம் அமுலில் இருந்தபோது, ஐக்கிய நாட்டுக் கம்பெனிக்குப் போய் பீரின் பெயரிலே பாடி வந்திருக்கிறார்கள். அதிகாரிகளுக்கு ஸ்பானியம் தெரியாததிலே இப்படியும் ஒரு நன்மை!

இருபது பாடல்கள் பதிவாயின. கூலி 140 டாலர். கணக்குப் போடுங்கள்: பாட்டுக்கு ஏழு டாலர். குரல் அவர்களுடையது, பாட்டு அவர்களுடையது, மொழி அவர்களுடையது, ஆதாயம் கம்பெனியுடையது. ஆனாலும் அந்தக் குடும்பம் அதற்குமுன் அவ்வளவு பணத்தை ஒருசேரக் கண்டதில்லை. கையில் வந்தது கரைந்ததும் என்ன செய்தனர்? பாடகர் குடும்பம் வடக்கே மிச்சிகன் மாநிலத்துக்குச் சென்றது, சர்க்கரை பீட்ரூட் வயலிலே கூலி வேலைக்கு. பகலெல்லாம் மண்ணிலே, இரவிலே உடன் உழைப்போர் நடுவே பாட்டு. 'இசைத்தட்டிலே பாடியவர்களடா இவர்கள்' என்று அந்தக் கூலிக்காரர்கள் வியந்திருப்பார்கள். வியப்பவரும் வியக்கப்படுபவரும் மறுநாள் காலை ஒரே வரிசையிலே குனிந்து நின்றனர்.

அடுத்து வந்தது பெரும் பொருளாதாரச் சரிவு. வேலை இல்லை என்றதும், ஆளும் கூட்டம் கண்டுபிடித்த பரிகாரம் என்ன? எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்கிற அதே பரிகாரம்தான். 'மெக்சிகர்களை வெளியேற்று!' 1930-களிலே பல லட்சம் பேரை ரயிலிலும் லாரியிலும் ஏற்றி எல்லைக்கு அப்பால் தள்ளினர். அவர்களிலே பெருந்தொகையினர் அந்த நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். கலிபோர்னியா மாநிலம் 2005-ல் சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு மன்னிப்பு! மன்னிப்பைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர்களிலே பலர் மண்ணுக்குள்ளே.

அந்த நெருக்கடி நாட்களிலே டெக்சாஸ் திரும்பிய லிடியா குடும்பம், சான் அந்தோனியோவின் பிளாசா டெல் சகாத்தே என்ற சதுக்கத்துக்கு வந்தது. 'வைக்கோல் சந்தை' என்று நம் வழக்கிலே சொல்லலாம். பகலிலே காய்கறி லாரிகள். இரவானதும் மிளகாய் மணக்கும் சாப்பாட்டுக் கடைகள், பாடகர்கள், பேச்சாளர்கள், வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள். குடும்பமாக நின்று பாடுவார்கள். சில்லறைக் காசு விழும். அங்கே ஒரு மாலை, ஸ்பானிய வானொலி நிகழ்ச்சி நடத்திய மனுவல் கோர்ட்டெஸ் என்பவர் செவியிலே லிடியாவின் குரல் விழுந்தது. அழைத்துச் சென்றார், பாட வைத்தார். நேயர்கள் மீண்டும் மீண்டும் கேட்டனர். பின்னர் சத்து மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆதரவில், வாரம் மூன்றரை டாலருக்கு வானொலியிலே பாடினார். அந்த மூன்றரை டாலரிலே வீட்டு வாடகை பிறந்தது. தாங்கள் கோடீஸ்வரர் ஆகிவிட்டதாகவே அந்தக் குடும்பம் எண்ணியதாம்.

1934-ல் 'புளூபேர்ட்' இசைத்தட்டுக் கம்பெனியார் சான் அந்தோனியோவின் ஓட்டல் ஒன்றிலே ஒலிப்பதிவுக் கருவியை இறக்கினர். 18 வயது நிறையாத லிடியா தனியே நின்றார். பக்கவாத்தியக் குழு இல்லை. பன்னிரண்டு தந்திக் கிதார் ஒன்று, தம் குரல் ஒன்று. பாடியவற்றிலே சூயிங்கம் உறையிலே கற்ற 'மால் ஓம்ப்ரே'யும் ஒன்று. தட்டு வெளிவந்தது, எல்லையின் இருமருங்கிலும் தீப்போல் பரவியது. அடுத்த ஆறாண்டுகளில் அந்தக் கம்பெனிக்காக 200-க்கும் மேற்பட்ட பாடல்கள்!

அந்தப் பாட்டிலே என்னதான் இருந்தது? உலகம் அறியாத இளம்பெண் ஒருத்தி. ஆசை காட்டி, அழைத்து, கெடுத்துக் கைவிட்டான் ஒருவன். காலம் கடந்தபின் அவள் அவனுக்கு முகத்துக்கு நேரே சொல்கிறாள், நீ எத்தகையவன் என்று. அவ்வளவுதான் கதை. நாடகம் எழுதுபவன் நான். மேடையிலே கைவிடப்பட்ட பெண் எப்போது கைதட்டல் பெறுவாள் என்று அறிந்தவன். கண்ணீர்விட்டுக் கிணற்றிலே விழுந்தால் கைதட்டல். காலிலே விழுந்து 'நீயே கதி' என்றால் அதைவிடப் பெரிய கைதட்டல். இந்தப் பெண்ணோ விழவில்லை. நின்று பேசுகிறாள், 'பொல்லாதவனே' என்று பெயர் சூட்டி. லிடியாவின் குரலைக் கேட்டவர்கள் அறிவர்: அதிலே விம்மல் இல்லை, கெஞ்சல் இல்லை. சந்தையிலே எடைக்கல்லை வைக்கிற கையைப்போல, அழுத்தமான, நேரான குரல். கற்பு பற்றிப் பெண்ணுக்கு உபதேசம் செய்யும் உலகத்திலே, கயவனைப் பார்த்து ஒரு பெண் 'குற்றவாளி நீ' என்றால், அது காதல் பாட்டா, குற்றப்பத்திரிகையா?

அந்த மக்களிடையே வீரர் புகழ் பாடும் பாட்டும் உண்டு. 'கொரிடோ' என்பார்கள், நம் ஊர்க் கதைப்பாட்டுப் போன்றது. கிரெகோரியோ கோர்ட்டெஸ் என்ற உழவனின் கொரிடோ பெயர் பெற்றது. 1901-ல் குதிரைத் திருடனைத் தேடி அதிகாரி ஒருவர் அவன் வீட்டுக்கு வந்தார். 'குதிரை மாற்றினாயா?' என்று மொழிபெயர்ப்பாளன் கேட்டான். அவன் மாற்றியது பெண் குதிரை. ஸ்பானியத்திலே ஆண் குதிரைக்கு ஒரு சொல், பெண் குதிரைக்கு வேறு சொல். ஆண் குதிரைக்குரிய சொல்லைப் போட்டுக் கேட்டதால் 'இல்லை' என்றான். உண்மையைச் சொன்னான், பொய் என்று கொண்டார்கள். அதிகாரி அவன் அண்ணனைச் சுட்டார். அவன் அதிகாரியைச் சுட்டுவிட்டு ஓடினான். நூற்றுக்கணக்கானோர் துரத்தினர், பிடித்தனர், சிறையிட்டனர், 1913-ல்தான் விடுதலை. ஒரு சொல்லின் பொருள் விளங்காததால் உயிர்கள் போயின, தோழர்களே! ஆட்சியாளர் மொழியும் ஆளப்படுவோர் மொழியும் வேறாக இருந்தால் என்ன விபரீதம் விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று நான் தேடியதில்லை.

லிடியா பெயர் பெற்றதோ இத்தகைய வீரப்பாட்டுகளால் அன்று. காதல், பிரிவு, தாய், துரோகம் என்று, சமையலறையிலே கண்ணைத் துடைத்துக்கொண்டே பெண்கள் பாடிய பாட்டுகளால். 'அப்படியானால் அரசியல் எங்கே?' என்கிறீர்களா? அதற்குத்தான் இன்னொரு பெண்ணை இங்கே அழைத்துவர வேண்டியிருக்கிறது.

எம்மா தெனாயுக்கா. அவரும் 1916-ல் பிறந்தவர். அதே சான் அந்தோனியோ. சிறுமியாக இருக்கையில் தாத்தாவின் கைபிடித்து அதே பிளாசா டெல் சகாத்தே சதுக்கத்துக்குப் போய், அங்கே சமதர்மம் பேசியோரின் சொற்பொழிவுகளைக் கேட்டு வளர்ந்தவர். ஒரே சதுக்கம்! ஒரு மூலையிலே பாட்டு, ஒரு மூலையிலே பேச்சு. பாட்டு மூலையிலிருந்து லிடியா வந்தார். பேச்சு மூலையிலிருந்து எம்மா வந்தார்.

அந்நகரிலே பெக்கான் கொட்டை உடைக்கும் தொழில் பெருந்தொழில். காற்றோட்டமற்ற கொட்டகை, மூக்கிலே ஏறும் தூசி, அதனால் காசநோய். வாரம் முழுதும் உடைத்தாலும் இரண்டு மூன்று டாலருக்குமேல் கண்ணில் காண்பதரிது. அந்தக் கூலியையும் 1938 ஜனவரி இறுதியில் குறைத்தனர். உடைந்த பருப்புக்குப் பவுண்டுக்கு ஆறு செண்டு என்றிருந்தது ஐந்து. முழுப் பருப்புக்கு ஏழு என்றிருந்தது ஆறு. 12,000 பேர் வரை வேலையை விட்டு வெளியேறினர், பெரும்பாலோர் பெண்கள். 21 வயது எம்மா அந்தப் போராட்டத்தின் முகமாக நின்றார். கண்ணீர்ப் புகை, தடியடி, நூற்றுக்கணக்கில் கைது. 37 நாட்களுக்குப் பிறகு முதலாளிகள் நடுவர் மன்றத்துக்கு இசைந்தனர்.

இப்போது இரண்டு கணக்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். லிடியாவின் 'புளூபேர்ட்' தட்டு மலிவு விலைத் தட்டு. விலை 35 செண்டு. ஏழு பவுண்டு பருப்பு உடைத்தால்தான் ஒரு தட்டு! பிள்ளைக்குப் பால் வாங்கவே போதாத கூலியிலே, இந்தத் தட்டுகளை வாங்கியவர்கள் இத்தகைய வீடுகளிலேதான் இருந்தனர். ஏன்? நாள் முழுதும் 'ஏய்' என்று ஆங்கிலத்திலே அதட்டல் கேட்ட காது, இரவிலே மூன்று நிமிடமாவது தன் மொழியிலே தன்னை மனிதராக மதித்துப் பேசுகிற குரலைக் கேட்க விரும்பியது. சோறு வேண்டும், சந்தேகமில்லை. சோறு மட்டும் போதுமென்றால் அந்த 35 செண்டு எங்கே போயிருக்கும்?

பாட்டு கூலியை ஒரு செண்டும் உயர்த்தவில்லை. அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. கூலிக்காகச் சிறை சென்றவர் எம்மா. ஆனால், கூலிக்காரக் கூட்டம் ஒன்று தன்னை 'நாங்கள்' என்று எண்ணிக்கொள்ளாத வரையில், எம்மா எவரைப் பார்த்து 'எழுங்கள்' என்பார்? அந்த 'நாங்கள்' என்ற சொல்லைத் துண்டறிக்கை மட்டும் தந்துவிடாது. அதற்குப் பொதுவான கண்ணீர் வேண்டும், பொதுவான சிரிப்பு வேண்டும், எல்லோர்க்கும் தெரிந்த மெட்டு ஒன்று வேண்டும். கொட்டகைத் தொழிலாளியின் வீட்டிலும், பருத்திக் காட்டுக் குடிசையிலும், மிச்சிகன் பீட்ரூட் வயலிலும் ஒரே குரல் ஒலித்தபோது, ஆயிரம் மைல் இடைவெளியிலே சிதறிக் கிடந்தவர்கள் ஓரினம் என்பது அவர்கள் காதுக்குத் தெரிந்தது. அரசியல் என்று நாம் மேடையிலே பேசுவது அதற்குப் பிறகு வருவது.

எம்மாவின் கதை என்னவாயிற்று? 1938-ல் கூட்டாட்சி அரசு மணிக்கு 25 செண்டு குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் செய்தது. உடனே முதலாளிகள் இயந்திரங்களை இறக்கினர். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். 1939 ஆகஸ்டில் நகரமன்ற அரங்கிலே எம்மா பேச வந்தபோது, பல்லாயிரவர் கொண்ட கும்பல் கல்வீசிக் கட்டடத்தைச் சூறையாடியது. உயிர் தப்பினார், ஊரிலே வேலை தருவாரில்லை, வெளியேறினார். பல்லாண்டுக்குப்பின் திரும்பி ஆசிரியையாகப் பணியாற்றினார். பேச்சுக்கு அவர் கொடுத்த விலை அது.

லிடியா அம்மையாருக்கும் மலர்ப்பாதை விரித்திருக்கவில்லை. 1935-ல் அவரை மணந்தவர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. மூன்று பெண் குழந்தைகள். அம்மா, தங்கைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு கலைக் குடும்பமாகக் காரிலே ஊர் ஊராகச் சென்றனர். தேவாலயக் கூடங்கள், கூடாரக் கொட்டகைகள், சிறு திரையரங்குகள். சாலையோர உணவு விடுதிகளிலே 'மெக்சிகர்களுக்கு இடமில்லை' என்ற பலகை தொங்கிய காலம். மாலையிலே ஆயிரம் பேர் கைதட்டுவர். இரவு படுக்க இடம் தேடவேண்டும். உலகப் போரின்போது பெட்ரோல் கட்டுப்பாடு வந்து பயணம் நின்றது. போருக்குப்பின் 1947-ல் மீண்டும் புறப்பட்டார். மரியா, ஜுவானிட்டா என்ற இரு தங்கையரும் 'மெண்டோசா சகோதரிகள்' என்று தனிப்புகழ் பெற்றனர். 1952-ல் தாய் மறைந்தார், குடும்பக் குழு கலைந்தது, கிதார் ஓயவில்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த இசையை வெறுத்தவர்கள் வெள்ளையர் மட்டுமல்லர். ஸ்பானியம் பேசும் சமூகத்திலேயே கொஞ்சம் வசதி வந்தவர்கள், 'கள்ளுக்கடைப் பாட்டு, கூலிக்காரர் பாட்டு' என்று மூக்கைப் பிடித்துக்கொண்டனர். அவர்களுக்கு வேண்டியது கோட்டு அணிந்த வாத்தியக் குழுவின் நடனமெட்டு. சொந்த மொழியைச் சொந்த வீட்டின் கொல்லைப்புறத்திலே நிறுத்தும் சீமான்களை, தோழர்களே, நாம் புத்தகத்திலே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

காலம் மாறியது; தானாக மாறவில்லை. 1968-ல் சான் அந்தோனியோவின் எட்ஜ்வுட் பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளிநடப்புச் செய்தனர். 1969 டிசம்பரிலே கிரிஸ்டல் சிட்டி என்ற சிற்றூரில் மாணவர் போராட்டம் வெடித்தது. 1918-ன் சட்டம் சரிந்தது. 1973-ல் இருமொழிக் கல்விக்குச் சட்டம் வந்தது. பிள்ளைகள் தங்களுக்கென ஒரு பெருமையைத் தேடிய அந்த வேளையிலே, பாட்டிமார் பெட்டியிலிருந்து பழைய இசைத்தட்டுகள் வெளியே வந்தன. 1976-ல் 'சூலாஸ் பிரொன்டேராஸ்' என்ற ஆவணப்படம் வந்தது. 'அழகிய எல்லைகள்' என்று பொருள். அதிலே 60 வயது லிடியா அம்மையாரைக் காணலாம். மக்காச்சோள மாவிலே தமாலே என்ற பண்டம் செய்கிறார், கிதாரை எடுத்துப் பாடுகிறார். அடுப்பு வேறு, அரங்கு வேறு என்ற பாகுபாடு அந்த முகத்திலே தெரியவில்லை.

பிறகு விருதுகள் வரிசையாக வந்தன. 1977-ல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் பதவி ஏற்ற விழாவிலே பாடினார். 1982-ல் நாட்டுப்புறக் கலைக்கான தேசியப் பாரம்பரியச் சிறப்பு முதன்முறையாக வழங்கப்பட்டபோதே அவருக்கும் கிடைத்தது. 1988-ல் பக்கவாதம் தாக்கி மேடையிலிருந்து விலக்கியது. 1999-ல் தேசியக் கலைப் பதக்கம். 2013-ல் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை. எந்த மொழியிலே பாடம் சொன்னால் குற்றம் என்றார்களோ, அந்த மொழியிலே மட்டுமே பாடிய பெண்ணின் படத்தை அரசே கடிதத்தின்மேல் ஒட்டிற்று! மகிழத்தான் வேண்டும். ஆனால் பதக்கத்தைக் கண்டு பழைய பிரம்பை மறந்துவிடுகிற பழக்கம் எனக்கில்லை. அதே 1999-ல், பதக்க விழாவுக்குச் சில திங்களுக்கு முன், எம்மா தெனாயுக்கா சான் அந்தோனியோவிலே மறைந்தார். பாடியவருக்குப் பதக்கம் தருவது அரசுக்கு எளிது. பேசியவருக்குத் தருவது அத்தனை எளிதல்ல.

பிரம்பு என்ன செய்தது என்பதற்கும் ஒரு பாடகியே சாட்சி. செலினா என்ற இளம்பெண், 1971-ல் டெக்சாஸிலே பிறந்தவர். அவர் வளர்ந்தது ஆங்கிலத்திலே. ஸ்பானியப் பாட்டுகளை, பொருள் முழுதும் விளங்குமுன்பே, ஒலியைக் கேட்டு ஒலியாகவே கற்று மேடையேறினார். மொழியைப் பாட்டிலிருந்து கற்றார். லட்சக்கணக்கானோரின் நெஞ்சிலே குடியேறினார். 1995 மார்ச் 31-ல், 23 வயதிலே, துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். பள்ளி பறித்ததைப் பாட்டு திருப்பித் தரவேண்டியிருந்தது, அதுவும் மூன்றாம் தலைமுறைக்கு. எத்தனை வீடுகளிலே செலினா போன்ற குரல் இல்லாமல், பறிகொடுத்தது பறிகொடுத்ததாகவே போயிற்று என்பதற்கு எவரிடமும் கணக்கில்லை.

நேரமாயிற்று, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நம் தோழர்கள் 1934-ம் ஆண்டின் அந்த ஒலிப்பதிவைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்கள். இப்போது ஒலிபெருக்கியிலே கேட்கப் போகிறீர்கள். கீறல் ஒலி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் பன்னிரண்டு தந்தியும் சேர்ந்து அதிரும். பிறகு, 18 வயது நிறையாத பெண்ணின் குரல். மூன்று நிமிடம். வாயிலிலே நிற்கும் தோழர்கள் இருவரும் உள்ளே வந்து அமரலாம். முன்வரிசையிலே இடம் இருக்கிறது.